ஓடும்போது மட்டும் மின்னுகிறது

அக்டோபர் 22, புதன்

இன்று எங்கள் வீட்டு நடு அறைக்கு ஒரு பஸ் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் மகள் தாரணி. பூனாவில் அவள் மாறிப்போகும் விடுதியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும்தான் இடமாம். விளையாட்டுக் கம்ப்யூட்டரை வைக்க வழியில்லை, விற்கவும் மனசில்லை. தீபாவளிக்கு வரும்போது மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டாள். மேசைமேல் அகலமாக ஒரு திரை, விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங், காலடியில் மூன்று பெடல்.

"டைம் கீப்பரா உக்காந்து உக்காந்து உங்க மூஞ்சியே தொங்கிப்போச்சுங்ப்பா. வீட்லயாச்சும் ஓட்டுங்க" என்றாள்.

இருபத்தாறு வருஷம் நிஜ வண்டி ஓட்டியவனுக்குப் பொம்மை வண்டியா என்று முறைத்தேன். அதற்குள் என் மனைவி ரங்கநாயகி திரையின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். தாரணி அலறிக்கொண்டே துடைத்தாள்.

ஓட்டுநர் பெயர் என்று கேட்ட இடத்தில் 'சென்னியப்பன்' என்று அடித்தாள். ஜன்னலைச் சாத்தினாள். திரையில் இரவு, மலைப்பாதை. கருப்பு என்றால் அப்படி ஒரு கருப்பு! எங்கள் டிவியில் வருவதெல்லாம் சாம்பல். இது, வால்பாறை ரோட்டில் அட்டகட்டி தாண்டினால் காட்டுக்குள் கவியுமே, அந்தக் கருப்பு. ஹெட்லைட்டைப் போட்டேன். இருட்டுக்குள்ளிருந்து சாலை வந்தது. மஞ்சள் கோடு, பாறை, ஈரமான தடுப்புச் சுவர். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பழக்கம்.

ஜூன் மாதம் இடது கண்ணின் விழித்திரையில் ஒரு கிழிசல். டாக்டர் லேசரில் சுற்றிலும் வெல்டு வைத்ததுபோல் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து வால்பாறை வண்டி வேறொருவர் கையில். எனக்குப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நாற்காலியும் விசிலும். நவம்பர் 25 கோவையில் மெடிக்கல் போர்டு. கண் சரி என்று எழுதினால் வண்டி திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் ரிடயர் ஆகும்வரை நாற்காலிதான்.

அக்டோபர் 24, வெள்ளி

தாரணி கிளம்பிவிட்டாள். காலை டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, வண்டி எடுத்தேன். ஏதோ வெள்ளைக்கார நாட்டு மலை. மழை பிடித்தது. கண்ணாடியில் விழுந்த துளி வண்டி வேகம் எடுத்ததும் மேல்நோக்கி ஓடுகிறது! இதை யாரோ ஒருவன் மழையில் வண்டி ஓட்டிப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது.

ரங்கநாயகி காபி கொண்டுவந்தாள். இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகுதான் திரும்பினேன். வண்டி ஓடும்போது நான் யாரிடமும் பேசுவதில்லை. எம்.எல்.ஏ. வந்து கேட்டாலும் பேசியதில்லை.

"பொம்ம வண்டிக்கு ஹேண்ட் பிரேக்காக்கும்?" என்றாள்.

"வண்டின்னா வண்டிதான்."

"இதுல பிரயாணிக யாராச்சும் எறங்கோணும்னா சொல்லுங்க, நான் போய் காப்பி கொடுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 27, திங்கள்

குகைப்பாதையில் நுழைந்தபோது ஒரு மின்னல். இருட்டு முழுவதும் ஒரு கணம் வெளுத்து அடங்கியது. வெளியே வந்ததும் காட்டுச் சாலையில் மறுபடி, மறுபடி, படபடவென்று. பகல் வெளிச்சமுள்ள ஊருக்குள் வந்ததும் இல்லை.

கரண்ட்தான். ஐப்பசி மழைக்கு எங்கள் தெருவில் வோல்டேஜ் பரமபத ஆட்டம் ஆடும். ஆனால் டியூப் லைட் ஆடவில்லை, ஃபேனும் ஒரே சீராகச் சுற்றியது. மயில்சாமி வீட்டு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைக் கேட்டிருக்கிறேன். மயில்சாமி என் வால்பாறை வண்டிக் கண்டக்டர். ஒன்பது வருஷம் என் முதுகுக்குப் பின்னால் விசில் ஊதியவன்.

அக்டோபர் 29, புதன்

ஸ்டெபிலைசர் வந்தது. மின்னல் போகவில்லை. மயில்சாமி வீட்டில் தயிர் புளித்துவிட்டதாகப் புகார்.

நவம்பர் 1, சனி

ரங்கநாயகியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று, காட்டுச் சாலையில் நன்றாக மின்னிக்கொண்டிருந்த நேரத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தோம். மழை பெய்தது, வைப்பர் ஆடியது, இருட்டு இருட்டாகவே இருந்தது. நெடுநேரம் பார்த்தோம்.

"எங்கீங் மின்னுது?"

"இப்பத்தான் மின்னுச்சு."

"நல்லாத்தானுங் இருக்குது" என்று போய்விட்டாள். அவள் அடுப்படிக்குப் போனதும் வண்டி எடுத்தேன். மின்னியது.

மாலை ரேஷன் கடை. பருப்பு வரவில்லை.

நவம்பர் 3, திங்கள்

திரையில் ஓடுவதை அப்படியே வீடியோ எடுக்க ஒரு பட்டன் இருக்கிறது என்று தாரணி சொல்லிக்கொடுத்திருந்தாள். குகையிலும் காட்டிலும் ஓட்டி, மின்னிய இடமெல்லாம் எடுத்து அனுப்பினேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போன் வந்தது. "ரெண்டு தடவ பாத்துட்டனுங்ப்பா. ஒண்ணுமே மின்னல. நல்ல கிளியரா இருக்குது. வளைவுல சூப்பரா ஓட்டறீங்க."

நானும் என் செல்லில் போட்டுப் பார்த்தேன். இல்லை. எந்த வளைவில் நான் திடுக்கிட்டு பிரேக் அழுத்தினேனோ அதே வளைவு, பிரேக் அழுத்தியது தெரிகிறது. மின்னல் இல்லை.

ஜூனிலும் முதலில் இடது ஓரத்தில் ஒரு மின்னல்தான் தெரிந்தது. லேசர் முடிந்து வெளியே வரும்போது டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. "இருட்டுல மின்னல் வெட்டற மாதிரி தெரிஞ்சா அன்னிக்கே வரணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது." எல்லாரிடமும் சொல்வதுதான் அது.

நவம்பர் 4, செவ்வாய்

இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். வலது கண் மட்டும். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று அன்றே சொன்னார்கள்.

மின்னியது.

மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு. உப்பு சரியாக இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை இருட்டில் நின்று வானத்தைப் பார்த்தேன். ஒன்றும் மின்னவில்லை. ஆனால் அங்கே சுற்றிலும் லைட், அதை நம்ப முடியாது. பழனி வண்டியும் உடுமலை வண்டியும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு நேரத்துக்கு முன்பே வந்து நின்றன. இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தி வைத்தேன். ஒரு நேரம் மூன்று வண்டி சேர்ந்து வந்து மொய்க்கும், அப்புறம் அரை மணி ஒன்றும் வராது. ஜனங்கள் டைம் கீப்பரைத்தான் திட்டுவார்கள். முன்னால் வந்தவனை நிறுத்தி, இடைவெளி மாறாமல் அனுப்புவதுதான் இந்த நாற்காலிக்கு இருக்கிற ஒரே வேலை.

டாக்டரிடம் போகலாம். போனால் சீட்டில் எழுதுவார். எழுதினால் போர்டில் அதைக் காட்ட வேண்டும். 25-ஆம் தேதி முடியட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

சாப்பிடும்போது ரங்கநாயகி கேட்டாள். "ஏனுங், எதுக்கு ஒத்தக் கண்ணுல லைட்டப் பாக்கறீங்க?"

"தூசி."

"நேத்தும் தூசியா?"

"பஸ் ஸ்டாண்டுல தூசிக்குப் பஞ்சமா?"

அவள் ரசம் ஊற்றினாள்.

நவம்பர் 12, புதன்

இப்போது பகல் சாலைகள் மட்டும்தான் ஓட்டுகிறேன். இரவுச் சாலை அலுத்துவிட்டது.

இன்று பனி மலை ஒன்றின் உச்சிக்குப் போய் நிறுத்தினேன். அடியில் கடல், அதன் நடுவே மலைகள் நிற்கின்றன. இப்படி ஓர் இடம் பூமியில் இருக்கிறதாம். பொம்மையிலாவது பார்த்துவிட்டேன். கண் இருக்கிறவரை பார்ப்பதெல்லாம் லாபம். வெகுநேரம் எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மயில்சாமி வந்தான், ஸ்டெபிலைசரை எடுத்துப் போக. அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, பஸ்ஸு பஸ்ஸுன்னு சொல்லிட்டிருக்கறீங்களே, ஓட்டிக் காட்டுங்க பாக்கலாம்."

பகல் சாலை ஒன்றைப் போட்டேன். "அட, இது எதுக்குங்ணா? நம்ம ரூட்டாட்ட ராத்திரி மலையேத்தம் போடுங்க" என்றான். மாட்டேன் என்றால் ஏன் என்பான். போட்டேன்.

ஸ்டூலை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டான். காட்டுக்குள் நுழைந்தோம். மின்னியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. உடனே கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டினேன்.

"எதுக்குங்ணா நிறுத்தறீங்க? ஸ்டாப்பிங் ஒண்ணும் இல்லியே!" சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தான். லீவு நாளிலும் அது அவன் பையில்தான் இருக்கும். உய் உய் என்று ஊதினான். டபுள் விசில்.

அந்தச் சத்தம் கேட்டு நான் நின்றதே இல்லை. ஹேண்ட் பிரேக் தானாக இறங்கியது, கியர் விழுந்தது, வண்டி நகர்ந்தது. ஒன்பது வருஷப் பழக்கம், மூளைக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போகிறது. பாலம் தாண்டினோம். நெருக்கமான மரங்கள். படபடவென்று வெளுத்தது.

பின்னால் குரல். "என்னங்ணா இது, மழைக்கு மானம் மின்னறாட்ட மின்னிக்கிட்டே வருது! டிவி ரிப்பேருங்களா?"

நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பேசக் கூடாது. வளைவு. அடுத்த வளைவு.

"இதா, மறுக்காவும்! கண்ணு கூசுதுங்ணா."

வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் போய்விடும் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் யார் வந்தாலும் நிறுத்திவிட்டுத்தானே காட்டினேன்! நின்ற வண்டியில் மின்னுவதில்லை. ஓடும்போது மட்டும் மின்னுகிறது. ஓடும்போது என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

தடுப்புச் சுவர் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டேன். பஸ் போய்ப் பாறையில் முட்டியது. என் சர்வீஸில் முதல் ஆக்சிடெண்ட்.

"என்னங்ணா ஆச்சு? கண்ணுல தண்ணி வருது?" என்று முன்னால் வந்து குனிந்தான் மயில்சாமி.

"நீயும் பாத்தியா மயிலு?"

"பாக்காம? குருடனுக்கே தெரியும்ங்ணா!"

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. டிவி ரிப்பேருக்கெல்லாம் அழலாமா, வாரண்டி இருக்கும் என்று தேற்றினான். ரங்கநாயகி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

நவம்பர் 17, திங்கள்

தாரணியிடம் எல்லாம் சொன்னேன். எல்லாம் என்றால், கண் பற்றியும். "நான் அப்பவே ரோசிச்சிருக்கோணும்ப்பா" என்று அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரைந்து அனுப்புகிறது. குகைக்குள் வரைவதற்கு ஒன்றும் இல்லை, நொடிக்கு நூற்றைம்பது படம் வந்து கொட்டும். காட்டில் ஒவ்வொரு இலையும் மழையும் வரைய வேண்டும், எழுபதுதான் வரும். சாதாரணத் திரை தன்பாட்டுக்கு ஒரே தாளத்தில் ஓடும், படம் பாதியில் வந்தால் பாதியாகவே காட்டிக் கிழித்துவிடும். இந்தத் திரை அப்படி இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்கிறது! படம் முழுசாக வந்த பிறகுதான் காட்டுகிறது. நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் இவ்வளவு பொறுமை. கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அதுலதானுங்ப்பா சிக்கல். படம் வர்ற வேகம் மாறறப்ப வெளிச்சம் துளி ஏறி எறங்கும். பகல்ல தெரியாது. இருட்டுல மின்னும். வண்டி நின்னா வேகம் ஒரே சீராயிரும், மின்னாது."

"வீடியோல ஏன் மின்னல் வரல கண்ணு?"

"வீடியோ கம்ப்யூட்டர் வரையற படத்த மட்டுந்தான் எடுக்கும். மின்னறது திரைங்ப்பா. அது வீடியோவுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப என்ன பண்றது?"

"அறுபதுக்கு மேல வரையாதேன்னு கட்டிப் போட்டறலாம். எங்கியும் அறுபதுதான்."

"அட, முன்னாடி வந்த வண்டியப் புடிச்சு வெச்சு நேரத்துக்கு அனுப்பறது!" என்றேன்.

"ஆமாங்ப்பா! அதேதான்!" என்று அவள் சிரித்தாள்.

அவள் சொல்லச் சொல்ல மெனுவில் தேடி, அறுபது என்று வைத்தேன். காட்டுச் சாலை. குகை. பாலம். இருட்டு இருட்டாகவே இருந்தது. புது இடம் திறக்கும் நேரத்தில் ஓரத்தில் லேசாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான். கம்பளி விரித்தமாதிரி கருப்பு, அதில் என் ஹெட்லைட் மட்டும். ரங்கநாயகியைக் கூப்பிட்டேன். நிறுத்தாமல் ஓட்டிக் காட்டினேன். பேசத்தான் இல்லை.

நவம்பர் 19, புதன்

கண் டாக்டரிடம் போனோம். நான் சொல்வதற்கு முன்பே ரங்கநாயகி டோக்கன் போட்டு வைத்திருந்தாள். என்றைக்குப் போட்டாய் என்றேன். "தூசி உளுந்த அன்னிக்கு" என்றாள்.

சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் படம் எடுத்து, டாக்டர் தன் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் முழுநிலவு மாதிரி இருந்தது. அதில் சிவப்பு ரத்தக்குழாய்கள், மேலேயிருந்து பார்த்தால் ஆறும் ஓடையும் தெரிவதுபோல. ஓரத்தில் வெல்டு வைத்த வெள்ளைப் பொட்டுகள், வரிசை தப்பாமல். இதற்குள்ளாகவா வால்பாறை மலை முழுவதும் தினமும் போய்வந்தது! கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். டாக்டர் சிரித்தார்.

இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறதாம். கடைசியில் திட்டும் விழுந்தது. "திரையோ கண்ணோ, முடிவு பண்ண வேண்டியது நான். இனி ஒரு மின்னல் தெரிஞ்சாலும் அன்னிக்கே வரணும்." ரங்கநாயகி என்னைவிட வேகமாகத் தலையாட்டினாள்.

நவம்பர் 25, செவ்வாய்

ஃபிட். அன்னபூரணி அம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள் ரங்கநாயகி. நான் பஸ் ஸ்டாண்ட் நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

சாயங்காலம் பொழுதோடு கிளம்பும் வால்பாறை வண்டி. நிஜ ஸ்டியரிங். அதன் கனம்! தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தால், எனக்கு நேர் பின்சீட்டில் ரங்கநாயகி. கையில் ஒயர் கூடை.

"எங்க கெளம்பிட்ட?"

"வால்பாறைல எங்கக்கா ஊட்டுக்கு. ஏன், நான் டிக்கெட் எடுத்துட்டேனுங்."

கல்யாணமான நாளிலிருந்து ஒருதடவைகூட என் வண்டியில் ஏறாதவள். மயில்சாமி டபுள் விசில் கொடுத்தான். வண்டி எடுத்தேன்.

ஆழியாறு அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்தபோது மேற்கே கருமேகம் கட்டியிருந்தது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் அணை முழுவதும் கீழே தெரியும். அங்கே திருப்பும்போது இடது ஓரத்தில் வெளுத்து அடங்கியது. ஜூனில் முதல்முதலாகத் தெரிந்த அதே ஓரம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். எஞ்சின் சத்தத்தில் இடி கேட்கவில்லை. வளைவில் நிறுத்த முடியாது. வண்டியில் ஐம்பது உயிர்.

"மின்னுச்சுங்."

பின்னாலிருந்து ரங்கநாயகி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாக, கொஞ்சம் உரக்க.

அடுத்த வளைவு. மறுபடி வெளுத்தது. "இப்பவுங்."

அதற்கடுத்ததற்கும் சொன்னாள். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி, "ஏனக்கா, கார்த்திகை மாசத்துல மின்னத்தானே செய்யும், இதையென்ன எண்ணிக்கிட்டு வாறீங்க?" என்றாள். "இல்லீங் அம்மிணி, சும்மாதான்" என்றாள் இவள். மின்னியது. "மின்னுச்சுங்."

ஸ்டியரிங்கில் என் பிடி இளகியது. அட்டகட்டி நெருங்கியபோது இருட்டிவிட்டது. அந்தக் கருப்பு, நான் எழுதினேனே, அதேதான். திடீரென்று வானம் பிளந்து ஒரு பெரிய மின்னல். மலை, தேயிலை, கீழே பள்ளத்தாக்கு, ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. எந்தத் திரையும் காட்டாத வெளிச்சம். ரங்கநாயகிகூட 'மின்னுச்சுங்' என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தனுங்" என்றாள்.

வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.